தீப்பெட்டிப் படமும் தேயிலைப் பெண்ணும்

யதார்த்தத்தை விட்டு ஓடுகின்ற கலையை நாம் என்ன செய்வது? முற்போக்கு அணியிலே இது புதிய கேள்வியன்று. 'நழுவல்' என்றொரு முத்திரையை நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கிறோம். கனவு, மாயம், பறக்கும் மனிதர், பேசும் மிருகம் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அம்முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த நூலைப் புரட்டுவது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. முத்திரை குத்துவதற்கு ஒரு கணம் போதும். விமரிசனமோ அந்தக் கனவு எங்கே பிறந்தது, எதை விட்டு ஓடுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று பொறுமையோடு கேட்க வேண்டியதாகும்.

இந்தக் கேள்வியை இன்று மீண்டும் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. திரைப்படம் எடுப்பதென்றால் கோடம்பாக்கமோ கொழும்போ மனம் வைக்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று ஒரு கைத்தொலைபேசியும் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் இருந்தால், பெரகல சந்தியை அடுத்த தோட்டமொன்றின் லயக் காம்பராவிலிருந்தே ஒரு மாணவியோ மாணவனோ சித்திரங்களை வரைந்து, ஒவ்வொன்றாகப் படம்பிடித்து, அவற்றை அசைய வைத்துவிட முடியும். நடிகர் வேண்டியதில்லை, முதலாளி வேண்டியதில்லை. அவ்வாறு தன்னந்தனியே அமர்ந்து வரைபவர் கண்ணெதிரே இருப்பதைவிட மனத்திலே இருப்பதை வரையவே முதலில் முற்படுவார். அந்தத் தாள்களை முதன்முதலிற் பார்க்கப் போகிறவர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்து ஆசிரியரே. அவர் சொல்லும் முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும்?

இதனை வெறுங் கோட்பாடாக ஆராய்வதிலும் ஒரு படைப்பை முன்வைத்து ஆராய்வது நலம். மும்பையைச் சேர்ந்த கீதாஞ்சலி ராவ் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரிண்டெட் ரெயின்போ' என்னும் அசைவூட்டக் குறும்படம் நமது நோக்கத்துக்கு மிகப் பொருந்துவது. 'அச்சிட்ட வானவில்' என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். 15 நிமிடமே ஓடும் படம். அவ்வாண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவிலே விமரிசகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டுப் பரிசும் பெற்றது. ராவ் மும்பை ஜே.ஜே. கலைக் கல்லூரியிலே பயின்றவர். இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ராம் மோகனின் நிலையத்திலே தொழில் பழகியவர். விளம்பரப் படங்களுக்கும் நிறுவனங்களுக்கும் உழைக்கின்ற இத்துறையிலே, தமக்கென்று ஒரு கதையை எடுத்துக்கொண்டு, ஏறக்குறையத் தனியொருவராக அமர்ந்து, சட்டகம் சட்டகமாக அதனைத் தீட்டி முடித்தார் என்பதே முதற்கண் கவனிக்கத் தக்கது.

கதை மிகச் சிறியது. பெருநகரமொன்றின் அடுக்குமாடி வீட்டிலே ஒரு மூதாட்டி தனியே வாழ்கிறாள். துணை ஒரு பூனை. அவள் தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறாள். அவற்றின் மேலே ஒட்டப்பட்ட வண்ணப் படங்களை எடுத்துப் பார்க்கும்போது அந்தப் படங்களுக்குள்ளேயே புகுந்துவிடுகிறாள். அவளுடைய வீடும் சாளரமும் எதிரே நிற்கும் கட்டடங்களும் சாம்பல் நிறத்திலே வரையப்பட்டுள்ளன. தீப்பெட்டிக்குள் இருக்கும் உலகமோ நமது பழைய அச்சுப் படங்களின் கடுஞ்சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பொங்குகிறது. அந்த உலகத்திலே அவள் தன் முதுமையின் கட்டுகளிலிருந்து விடுபட்டு உலவுகிறாள். பிறகு சாம்பல் நிறம் திரும்பி வருகிறது.

இதனைப் பார்த்ததும் இரண்டு தீர்ப்புகள் நாவின் நுனியிலே வந்து நிற்கும். கலை கலைக்காகவே என்பார், "எவ்வளவு அழகிய கனவு! இதிலே சமூகத்தை ஏன் தேடுகிறீர்?" என்று கேட்பர். நம்மவருள் அவசரக்காரர், "முதியோரின் அவலத்தைத் தீர்க்க வழி சொல்லாமல் தீப்பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்லும் படம்" என்று ஒதுக்குவர். இரு சாராரும் எதிரெதிர்த் திசையிலே நிற்பதுபோலத் தோன்றினும் செய்யும் பிழை ஒன்றேயாகும். சாம்பல் நிறத்தை இருவருமே பார்க்கவில்லை. ஒருவர் வண்ணத்தைப் பார்த்து மயங்கினார். மற்றவர் அதே வண்ணத்தைப் பார்த்துச் சினந்தார்.

இப்படத்தின் உயிரோ அந்தச் சாம்பல் நிறத்திலேதான் இருக்கிறது. தீப்பெட்டியின் வண்ணம் கூடக்கூட, அவள் வீட்டின் வெறுமை மேலும் மேலும் தெளிவாகிறது. ஒரு மனித உயிர், பேச ஆளின்றி, இரண்டங்குல அட்டைக்குள் உலகத்தைத் தேடும்படியான வாழ்வை ஒரு நகரம் அவளுக்கு அளித்திருக்கிறது என்பதைப் படம் ஒரு பிரசங்கமுமின்றி நிலைநாட்டிவிடுகிறது. ஓடுகிறவளைக் காட்டும்போதே அவள் எதை விட்டு ஓடுகிறாள் என்பதையும் நேர்மையாகக் காட்டுகின்ற கலையை நழுவல் என்று சொல்வது பொருந்தாது. கைதி சிறைச் சுவரிலே கீறிய கப்பலைப் பார்ப்பவன் கப்பலையும் காண்கிறான், சுவரையும் காண்கிறான்.

நமது ஆசான்களிடமிருந்தே இதற்கு ஆதாரம் காட்டலாம். மதத்தை மக்களின் அபின் என்று மார்க்ஸ் 1844இல் எழுதியதை எல்லோரும் அறிவோம். அதே பத்தியிலே, மத வேதனையானது உண்மையான வேதனையின் வெளிப்பாடென்றும் அதற்கெதிரான ஓர் எதிர்ப்பென்றும் அவர் கூறியிருப்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. கனவுக்கும் இது பொருந்தும். அது வலியை மறக்கச் செய்வது உண்மை. வலி உண்டென்று சாட்சி கூறுவதும் அதே அளவு உண்மை.

'போர்க்கப்பல் பொட்டெம்கின்' எடுத்த ஐசன்ஸ்டைனை யாரும் நழுவல்வாதி என்று கூறத் துணியார். அவர் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னியினுடைய சித்திரப் படங்களைப் பெரிதும் விரும்பியவர். 1940களிலே அவை குறித்து விரிவான குறிப்புகளும் எழுதினார். நாள் முழுவதும் யந்திரத்தின் ஒழுங்குக்கும் மணியோசைக்கும் கட்டுப்பட்டுக் கிடக்கும் மனிதருக்கு, எந்த வடிவத்தையும் விட்டு எந்த வடிவத்துக்கும் மாறிவிடும் அந்தக் கோடுகள் ஏன் இனிக்கின்றன என்று அவர் வினவினார். வாழ்விலே மறுக்கப்பட்ட விடுதலையை அவை உருவத்திலே காட்டுகின்றன என்பதே அவர் கண்ட விடை. அந்த விடுதலை ஒரு தாலாட்டாகவே நின்றுவிடுகிறது என்பதையும் அவர் உணராமலில்லை. வசீகரத்தை ஒப்புக்கொண்டு அதன் எல்லையையும் சுட்டிய அந்த முறையே நமக்கு முன்மாதிரி.

தமிழிலும் சான்று உண்டு. சிவபெருமானைச் சென்னை பிராட்வேயிலே கொண்டுவந்து நிறுத்திக் கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்க வைத்த புதுமைப்பித்தன்தான், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தோரின் அவலத்தைத் 'துன்பக்கேணி'யாக எழுதினார். ஒரே பேனாவுக்கு இரண்டும் இயன்றன. மாயக் கதை எழுதியவர் என்று அவரை ஒதுக்கியிருந்தால், நமது மலைநாட்டின் துயரைச் சொன்ன தொடக்ககாலக் கதைகளுள் ஒன்றையும் சேர்த்தே ஒதுக்கியிருப்போம்.

அப்படியானால் நழுவல் என்பதே கிடையாதோ எனின், உண்டு. வணிகத் திரைப்படத்தின் கனவுப் பாட்டை எடுத்துக்கொள்வோம். கூலிக்காரனாக வரும் நாயகன் கண்ணை மூடியதும் அயல்நாட்டுப் பனிமலையிலே பட்டுடையோடு ஆடுகிறான். அவன் எதை விட்டு ஓடினான் என்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. அவனுடைய வறுமையும் அலங்காரம், கனவும் அலங்காரம். திரும்பி வரும்போது அவனிடத்திலும் நம்மிடத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. சுவரை மறைத்துவிட்டு வண்ணத்தை மட்டும் விற்பதே நழுவலின் இலக்கணம்.

ராவின் படத்தை இவ்வாறு ஆதரித்த பின்னர், அது நின்றுவிட்ட இடத்தையும் கூற வேண்டும். மூதாட்டியின் தனிமையை அப்படம் உணர்த்துகிறது. அத்தனிமையின் சமூகக் காரணங்களை ஆராயப் புகவில்லை. அது ஒரு பெருங் குறையன்று. 15 நிமிடத்திலே எல்லாவற்றையும் கேட்பது நியாயமுமன்று. வேறொன்றுதான் நம்மைப் போன்றோரின் கவனத்தை இழுக்கிறது. தீப்பெட்டிக்கு மேலே படம் இருக்கிறது. அந்தப் பெட்டியை ஒட்டிய கை எங்கே இருக்கிறது?

இந்தியாவின் தீப்பெட்டி என்றதும் சிவகாசி நினைவுக்கு வரும். அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தொழிலைக் கற்று வந்து, 1923இல் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அதனை அடுத்து வண்ண அச்சுத் தொழிலும் வளர்ந்தது. கப்பலும் புலியும் யானையும் தாமரையும் தெய்வங்களும் நாடெங்கும் அடுப்படிகளிலே போய் அமர்ந்தன. சிவகாசி 'குட்டி ஜப்பான்' என்று புகழப்பட்டது. அந்தப் புகழின் அடியிலே குழந்தைகள் இருந்தார்கள். வானம் பார்த்த பூமியின் கிராமங்களிலிருந்து விடியுமுன் பேருந்திலே ஏற்றப்பட்டு, குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அதனை உலகறியச் செய்தது. சிவகாசித் தொழில்களிலே குழந்தை உழைப்பு பற்றிய வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் அளித்த தீர்ப்பு, பின்னர் இந்தியா முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று.

ஒரு மூதாட்டியின் வானவில் ஒரு சிறுமியின் சாம்பல் நிறத்திலிருந்து செய்யப்பட்டது என்பதே இதன் பொருள். ராவின் படத்தையும் பென்னூர்கரின் படத்தையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் காட்டும் மாணவர் மன்றம், பத்துச் சொற்பொழிவுகளால் விளங்காததை விளங்க வைத்துவிடும். முதலாவது, பெட்டியின் மேற்புறம், இரண்டாவது, உட்புறம். ஒன்றைக் கொண்டு மற்றதை அடிக்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தாலே பெட்டி முழுமையாகும்.

இனி நமது ஊவாவுக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழானது. மும்பையின் மூதாட்டி படத்துக்கு வெளியே இருந்து உள்ளே போக விரும்புகிறாள். நாமோ படத்துக்கு உள்ளேயே பிறந்தவர்கள்.

தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னை உட்படத் தோட்டங்களை வாங்கினார். தேயிலையைப் பொதி செய்து, தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கேத்தலுக்கு வருவதாக விளம்பரம் செய்து, அந்தப் பொதியின் மேலே கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவத்தை அச்சிட்டு உலகெங்கும் பரப்பினார். அன்று தொடங்கி எத்தனையோ நிறுவனங்களின் தேயிலைப் பெட்டிகளிலே அவள் நிற்கிறாள். பச்சை மலை, நீல வானம், வெண்பனி, சிரித்த முகம். லண்டனின் புகைமூட்டத்திலே தேநீர் ஊற்றியவர்க்கு அவளே தீப்பெட்டிப் படம். அவர் தம் யதார்த்தத்தை விட்டு ஓடி வந்து சேர்ந்த கனவு, நமது பாட்டியின் வேலைக்களம். அந்தப் படத்திலே அட்டை இல்லை, பெரட்டுக் களம் இல்லை, நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் கணக்கும் இல்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கிய பிறகும் பெட்டியின் மேலே அவள் சிரித்துக்கொண்டேயிருந்தாள்.

இன்றும் இது நின்றபாடில்லை. பெரகலயிலே கொழும்பு வீதியை விட்டுத் திரும்பி அப்புத்தளைக்கு ஏறும் பாதையிலே வாகனங்கள் நிறைய வருகின்றன. நகரத்தின் நெருக்கடியிலிருந்து தப்பி, லிப்டன் அமர்ந்து பார்த்த இடத்தையும் எல்லவையும் காண வருகிறார்கள். வரட்டும், வருவோரை வெறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் எதை நோக்கித் தப்பி வருகிறார்களோ, அதிலிருந்தே தப்ப விரும்பும் ஒரு மக்கள் கூட்டம் அதே மலைச்சரிவிலே வாழ்கிறது. அதே பெரகலயிலிருந்து வெல்லவாயப் பக்கமாக இறங்கினால் கொஸ்லாந்தை. அதன் மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மண் மூடியது. அபாயம் உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. மலை சரியப்போகிறதென்று தெரிந்தும் போக இடமில்லாதவனுக்குத் தப்பித்தல் என்ற சொல் அழகியலுக்கு உரியதன்று. அது வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிய சொல்.

ஆதலால் நமது பிள்ளைகள் வரையும் தப்பியோடும் கனவை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை லயத்துக்கு இறக்கை முளைத்து அது மலையை விட்டுப் பறந்துபோவதாக வரைகிறது என்று கொள்வோம். அதனை நழுவல் என்று சொல்லும் ஆசிரியர், அந்த வட்டாரத்தின் மிகக் கூர்மையான கோரிக்கையைப் படிக்கத் தவறியவராவார். தேயிலைப் பெட்டியின் மேலே சிரிக்கும் பெண், சிரிப்பை நிறுத்திவிட்டு, கூடையை இறக்கி வைத்து, அட்டையின் ஓரத்தைத் தாண்டிக் கீழே இறங்கி நடப்பதாக இன்னொரு பிள்ளை வரையக்கூடும். அது மும்பைப் படத்தின் மறுபாதியாக அமையும். அந்த மறுபாதியை வரைய ஊவாவின் கையைவிடத் தகுந்த கை எது?

நமது மரபிலும் இதற்கு வேர் இல்லாமற் போகவில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்திலே, பகலெல்லாம் கவ்வாத்து வெட்டியவன் இரவிலே வண்ணம் பூசி மன்மதனாகிறான். சிவனின் நெற்றிக்கண்ணால் எரிகிறான், ரதி அழுகிறாள், பின் உயிர்த்தெழுகிறான். மறுநாட் காலை அவனே மீண்டும் பெரட்டுக்கு நிற்கிறான். அந்த ஓர் இரவு நழுவலா? எரிந்துபோனவன் எழுவான் என்ற எண்ணத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இம்மக்கள் காத்து வைத்த முறை அல்லவா அது! நமது எழுத்தாளர்கள் யதார்த்த நெறியிலே பெருஞ்சாதனை புரிந்துள்ளனர். பதுளைப் பகுதியிலே பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' அதற்கொரு சான்று. கூத்தின் வண்ணமும் நாவலின் உண்மையும் ஒன்றையொன்று விலக்க வேண்டியவை அல்ல. இரண்டும் சந்திக்கத்தக்க களங்களுள் அசைவூட்டப் படமும் ஒன்றாகலாம்.

செயல்முறை குறித்து ஒரு வார்த்தை. திரையிலே விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்துவது வழக்கமாதலால் விநாடிக்கு 12 சித்திரங்கள் போதும். ஒரு நிமிடத்துக்கு 720. ஒரு வகுப்பிலே 36 மாணவர் இருந்தால் ஆளுக்கு 20 சித்திரம். கரியும் தேயிலைச் சாயமும் வண்ணமாகும். கனவு காண்பது எளிது. கனவை வரைவதோ உழைப்பு. 15 நிமிடப் படத்துக்கு இந்தக் கணக்கிலே 10,800 சித்திரங்கள் ஆகின்றன. எல்லாக் காட்சிக்கும் அத்தனையும் தேவைப்படாதெனினும், பாதியே ஆயினும் அது சோம்பேறியின் வேலையன்று. அவ்வளவு பொறுமையோடு தன் ஓட்டத்தைச் சட்டகம் சட்டகமாகப் பார்ப்பவன், தான் எதை விட்டு ஓடுகிறான் என்பதையும் பார்க்காமல் இருக்க முடியாது. கல்வியிலே இக்கலைக்குரிய தனி மதிப்பு இதுவே.

ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். செக்கோஸ்லோவாக்கியாவின் பொம்மைப்படக் கலைஞர் யிரி டிர்ன்கா 1965இல் 'கை' என்றொரு படம் செய்தார். தன் பூச்செடிக்குச் சட்டி வனைந்துகொண்டிருக்கும் எளிய கலைஞன் ஒருவனிடம் ஒரு பெருங்கை வந்து, தன் உருவத்தையே சிலையாகச் செய்யும்படி கட்டளையிடுகிறது. மறுத்தவனைக் கூண்டிலே அடைத்து வேலை வாங்குகிறது. அவன் தப்பி ஓடி இறந்ததும் அதே கை அவனுக்கு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துகிறது. சோசலிசம் என்ற பெயரால் ஆண்ட அரசு, டிர்ன்கா 1969இல் மறைந்த பின்னர் அப்படத்தைத் தடை செய்தது. இதனை நமது எதிரிகள் சொல்லிக் கேட்பதைவிட நாமே சொல்லிக்கொள்வது நேர்மை. "போராட்டத்தை வரை, ஊர்வலத்தை வரை" என்று மாணவன் கையைப் பிடித்து இழுக்கும் ஆசிரியரும், கொள்கை எதுவாயினும், அந்தக் கையே ஆவார். பிள்ளை தன் கனவை வரையட்டும். "இது எதை விட்டு ஓடுகிறது? அதையும் வரைவாயா?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் நாம் கேட்போம். சாம்பல் நிறம் தானே வந்து சேரும்.

ராவின் படம் இறுதியில் தனியொருத்தியின் கனவாகவே நிற்கிறது. மும்பையின் அடுக்குமாடியிலே அவ்வளவுதான் இயலும் போலும். லயமோ சுவருக்குச் சுவர் ஒட்டிய வாழ்வு. ஒரு காம்பராவின் அழுகை அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். இங்கே ஒருவருடைய தப்பியோடும் கனவை வரைந்து அசைத்துக் காட்டினால், பார்க்கும் வரிசை முழுவதும் அதனைத் தன் கனவென்று கண்டுகொள்ளும். பலருக்கும் பொதுவென்று தெரிந்த கனவு நெடுநாள் கனவாகவே இருப்பதில்லை; கோரிக்கையாக மாறத் தொடங்குகிறது. அந்த மாற்றத்துக்குத் துணை செய்வதே விமரிசகனின் பணியும் ஆசிரியரின் பணியும் ஆகும்.